சிகாகோவிலும் ஓர் அக்கிரகாரம்

சிகாகோ என்றவுடன் நம் நாட்டில் பெரும்பாலோருக்கு 1893-ம் வருஷத்திய சர்வமத மகாநாடும், அதில் விவேகானந்தர் செய்த பிரசங்கமுந்தான் ஞாபகத்துக்கு வரும். ராமநாதபுரம் சேதுபதி அவருக்கு உதவிய சங்கதியை இன்றும் மேடைதோறும் சொல்லிப் பூரித்துப் போகிறவர்கள் இருக்கின்றார்கள். அந்தப் பிரசங்கத்தால் இங்கே தீண்டாதவன் என்று ஒதுக்கப்பட்ட ஒருவனுக்காவது ஒரு குளம், ஒரு தெரு திறந்து விடப்பட்டதா என்று கேட்டால் மாத்திரம் அவர்களுக்குக் கோபம் வந்து விடுகின்றது. அது கிடக்கட்டும். மதத்தைப் பற்றிப் பேசிய சிகாகோவை நம் மக்கள் நூறு வருஷத்துக்கு மேலாகக் கேட்டாய் விட்டது. மனிதன் குடியிருக்க ஒரு வீடு கேட்டுப் போராடிய சிகாகோவைப் பற்றி ஒருவரும் சொல்வதில்லை. ஆதலால் அதை நாம் சொல்ல வேண்டியிருக்கின்றது.

அந்த மகாநாடு ஒரு பெரிய உலகக் கண்காட்சியின் துணைக் காரியமாக நடந்தது. கண்காட்சி நடந்த இடம் மிச்சிகன் ஏரிக்கரையிலுள்ள ஜாக்சன் பூங்காவும், அதிலிருந்து மேற்கே ஓடும் ‘மிட்வே’ என்னும் நீண்ட புல்வெளியுமாகும். அப்புல்வெளியின் ஓரத்தில்தான், கண்காட்சிக்கு முந்திய வருஷம், எண்ணெய்க் கோடீசுவரர் ராக்பெல்லர் கொடுத்த பணத்தைக் கொண்டு சிகாகோ சர்வகலாசாலை வகுப்புகளை ஆரம்பித்தது. சர்வகலாசாலை இருக்கும் பேட்டைக்கு ஹைட் பார்க் என்று பெயர். அதற்கு வடக்கே கென்வுட். புல்வெளியைத் தாண்டித் தெற்கே உட்லான்.

இன்று ஹைட் பார்க்கைப் பார்த்து வருகிறவர்கள், வெள்ளையரும் கருப்பரும் ஆசியாக் கண்டத்திலிருந்து போனவர்களும் ஒரே வீதியில் கலந்து வாழும் இடம் என்று அதைப் புகழ்கின்றார்கள். புகழத்தக்க விஷயம் அங்கு இல்லாமலில்லை. படிக்கிறவர்களே பங்கு போட்டு 1961-ல் ஆரம்பித்த கூட்டுறவுப் புஸ்தகக் கடை அங்கே இருக்கின்றது. 1921 முதல் நடந்து வரும் ஒரு சாப்பாட்டுக் கடையில் புரொபசரும் பஸ் ஓட்டுகிறவரும் ஒரே வரிசையில் தட்டு ஏந்தி நிற்கின்றார்கள். சிகாகோவின் முதல் கருப்பு மேயராக 1983-ல் தேர்ந்தெடுக்கப்பட்ட ஹரால்டு வாஷிங்டன் அந்தப் பேட்டைவாசி. 2008-ல் அமெரிக்கா தேசத்துக்கே பிரசிடெண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒபாமாவும் அந்தப் பக்கத்தில் குடியிருந்தவரே. இதையெல்லாம் காட்டி ‘மறுமலர்ச்சி’ என்கின்றார்கள். மலர்ந்தது வாஸ்தவமானால், யாருக்காக மலர்ந்தது, அதற்காக வேரோடு பிடுங்கப்பட்டவர்கள் யார் என்பதே நமது கேள்வி.

முதல் உலக யுத்த காலத்தில், தென்னாட்டுப் பருத்திக் காடுகளிலிருந்து கருப்பு மக்கள் பிழைப்புத் தேடிச் சிகாகோவுக்கு ஆயிரக் கணக்கில் வந்து சேர்ந்தார்கள். அவர்களைத் தொழிற்சாலைக்கும் மாட்டிறைச்சிக் கொட்டகைக்கும் வா என்று அழைத்தவர்கள், ஊருக்குள் குடியிருக்க வா என்று அழைக்கவில்லை. 1919-ம் வருஷம் ஜூலை மாதம் ஏரியில் குளித்துக் கொண்டிருந்த ஒரு கருப்புப் பையன், வெள்ளையர் குளிக்கும் துறைப் பக்கம் மிதந்து போய் விட்டான். தண்ணீரில் கோடு ஏது? ஆனால் அங்கே இருந்தது. கரையிலிருந்து கல்லெறிந்தார்கள், பையன் மூழ்கி மாண்டான். அதன் பேரில் மூண்ட கலகத்தில் 38 பேர் செத்தார்கள். குளத்தைத் தொட்டதற்காக உதைபட்ட நம் மக்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

கலகம் அடங்கிய பிறகு, கல்லால் செய்ததைக் காகிதத்தால் செய்ய ஏற்பாடாயிற்று. ஒரு பேட்டையிலுள்ள வீட்டுக்காரர்கள் எல்லாரும் ஒன்று சேர்ந்து, கருப்பருக்கு வீட்டை விற்பதில்லை, வாடகைக்கு விடுவதுமில்லை என்று கையெழுத்துப் போட்டு அதை ரிஜிஸ்தர் செய்து கொள்வது. இதற்கு சிகாகோ நில வியாபாரிகள் சங்கம் 1927-ல் ஒரு மாதிரிப் பத்திரமே தயாரித்துக் கொடுத்தது. அந்தப் பத்திரத்தின் ஷரத்துக்களைப் படித்தால், மனுவே கப்பலேறிப் போய் எழுதிக் கொடுத்தாரோ என்று தோன்றும். கருப்பர் என்பது யார்? எட்டில் ஒரு பங்கு கருப்பு ரத்தம் உள்ளவனெல்லாம் கருப்பன். அவன் அங்கே தங்கவே கூடாதா? தங்கலாம், எஜமான் வீட்டு அடித்தளத்திலோ, பின்கட்டு வண்டிக் கொட்டகையிலோ, வேலைக்காரனாகவும் மோட்டார் ஓட்டுகிறவனாகவும் தங்கலாம். அதாவது சேவகம் செய்தால் தோஷமில்லை. சரிசமமாக வாழ்ந்தால்தான் தோஷம். கொல்லைப்புறமாக வந்து சாணம் அள்ளிப் போகலாம், வாசல் வழியாக வரக் கூடாது என்று சொல்லும் நம்மூர் அக்கிரகாரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அவர்கள் அதற்கு வேதத்தை ஆதாரம் காட்டவில்லை. சொத்தின் விலை இறங்கிப் போகும் என்று கணக்குக் காட்டினார்கள். அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்தக் காரியத்தில் சர்வகலாசாலை எந்தப் பக்கம் நின்றது என்பதே இதில் மிக முக்கியமானது. ஜன சமூகத்தைப் பற்றி ஆராயும் சாஸ்திரத்தில் உலகத்துக்கே வழிகாட்டி என்று பெயரெடுத்த கலாசாலை அது. பார்க், பர்ஜஸ் முதலிய அதன் புரொபசர்கள் சிகாகோவின் சந்து பொந்துகளை எல்லாம் படம் போட்டுக் காட்டினார்கள். 1919-ம் வருஷத்துக் கலகத்தின் காரணங்களை அலசி 1922-ல் வெளிவந்த விசாரணை அறிக்கையைத் தயாரிப்பதில் முக்கியமாக உழைத்தவரும் அங்கு படித்த சார்லஸ் ஜான்சன் என்ற கருப்பு மாணவரே. இவ்வளவும் கற்ற ஸ்தாபனம், தன்னைச் சுற்றிலும் கருப்பர் வராதபடி பத்திரம் எழுதிக் காவல் காத்த வீட்டுக்காரர் சங்கங்களுக்குப் பணங் கொடுத்து உதவிற்று. 1942-ம் வருஷம் டிசம்பர் 2-ந் தேதி அதன் விளையாட்டு மைதானத்துப் படிக்கட்டுகளின் அடியிலேதான் அணுவின் சக்தியை முதன் முதலாகக் கட்டுக்குள் அடக்கிக் காட்டினார்கள். அணுவைப் பிளந்த அதே வருஷத்தில், பக்கத்திலுள்ள காட்டேஜ் குரோவ் வீதியைத் தாண்டி ஒரு கருப்பர் வீடு வாங்குவது அசாத்தியமாயிருந்தது. படிப்பு வந்தால் ஜாதி போய்விடும் என்று நம்பிக் கொண்டிருக்கிற தோழர்கள் இதைக் கவனிக்க வேண்டுகிறோம்.

நம் நாட்டுச் சம்பந்தமான சங்கதி ஒன்றும் இதில் உண்டு. சென்னைப் பிரசிடென்சி காலேஜில் படித்த சந்திரசேகர், வான சாஸ்திர ஆராய்ச்சிக்காக 1937-ல் அந்தச் சர்வகலாசாலையில் சேர்ந்தார். 1983-ல் நோபெல் பரிசு பெற்றவர் இவரே. இவர் சிகாகோவில் வகுப்பு நடத்துவதற்கு, இவருடைய நிறத்தைக் காரணமாக வைத்து ஒரு டீன் ஆட்சேபித்தார். இங்கே உயர்ந்த வருணம் என்று சொல்லப்பட்ட குலத்தில் பிறந்தவருக்கு, அங்கே தோலே வருணமாய் வந்து குறுக்கே நின்றது! சர்வகலாசாலைத் தலைவரான ஹட்சின்ஸ் அந்த ஆட்சேபணையைத் தள்ளி விட்டார். அது அவருக்குக் கௌரவமே. ஆனால் வீட்டுக்காரர் சங்கங்களுக்குப் பணம் போய்க் கொண்டிருந்ததும் அதே ஹட்சின்ஸ் காலத்தில்தான். ஒரு நந்தனை மட்டும் உள்ளே விட்டு, நந்தனுடைய சேரியைச் சேரியாகவே வைத்திருக்கும் வித்தை சிதம்பரத்துக்கு மாத்திரம் சொந்தமல்ல.

இந்தப் பத்திரத்தை எதிர்த்து நின்றவர்களில் கார்ல் ஹான்ஸ்பெரி என்பவரின் வழக்கு குறிப்பிடத்தக்கது. இவர் 1937-ல் உட்லானைச் சேர்ந்த ஒரு தெருவில் வீடு வாங்கிக் குடி போனார். கூட்டம் கூடி வீட்டின் மேல் கல் விழுந்தது. அண்டை வீட்டார் வழக்குத் தொடுத்து, கீழ்க் கோர்ட்டுகளில் ஜெயித்து, அவரை வெளியேறும்படி உத்தரவும் வாங்கினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரை போனது. அங்கே வெளியான உண்மை என்ன? பத்திரம் அமுலுக்கு வர வேண்டுமானால் தெருமுகப்பில் நூற்றுக்கு 95 பங்குக்கு உரியவர்கள் கையெழுத்திட வேண்டும் என்று பத்திரமே சொல்லியிருந்தது. உண்மையில் கையெழுத்தானது சுமார் 54 பங்கே. பொய்யை முந்திய வழக்கொன்றில் ஒப்புக் கொள்ளச் செய்து, அதையே எல்லார் தலையிலும் கட்டியிருந்தார்கள். 1940-ல் ஹான்ஸ்பெரி ஜெயித்தார். அவருக்காக வாதாடிய வக்கீல்களில் ஒருவரான ஏர்ல் டிக்கர்சன் அதே சிகாகோ சர்வகலாசாலையின் சட்டக் கல்லூரியில் பட்டம் பெற்ற கருப்பர். ஹான்ஸ்பெரியின் மகள் லொரைன் பிற்காலத்தில் எழுதி 1959-ல் நியூயார்க்கில் அரங்கேறிய நாடகத்துக்கு இந்த வீட்டுக் கதையே வித்து.

1948-ல் வேறொரு வழக்கில், இப்பேர்ப்பட்ட பத்திரங்களை எந்தக் கோர்ட்டும் அமுல் நடத்திக் கொடுக்கக் கூடாது என்று அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. நமது சுப்ரீம் கோர்ட்டோ, 2005-ம் வருஷத்தில், ஆமதாபாத்திலுள்ள ஒரு கூட்டுறவு வீட்டுச் சங்கம் பார்சிகளைத் தவிர மற்றவரைச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக் கொண்டது செல்லும் என்று சொல்லிற்று. இதைப் படிக்கும் தோழர்களில் யாராவது பட்டணத்தில் வாடகை வீடு தேடிப் போய், என்ன ஆள் நீங்கள், என்ன சாப்பிடுவீர்கள் என்ற கேள்வியைச் சந்தித்திருந்தால், இந்த இரண்டு தீர்ப்புக்கும் உள்ள தூரம் நன்றாய்ப் புரியும்.

நிற்க. சட்டத்தின் கோடு அழிந்ததும் கருப்பர் ஹைட் பார்க்குக்குள் குடிவர ஆரம்பித்தார்கள். வெள்ளையர் பலர் விற்று விட்டு ஓட ஆரம்பித்தார்கள். அப்போது ஓடாமல் நின்றவர்களும் சிலர் உண்டு. 1949-ல் குவேக்கர், யூனிட்டேரியன் முதலிய பிரிவினரும், யூதர்களும், கருப்பர்களும் கூடி, எல்லா நிறத்தாரும் சேர்ந்து வாழும் பேட்டையாக இதை வைத்துக் கொள்வோம் என்று ஒரு சங்கம் கண்டார்கள். வீதிவீதியாகக் கூட்டம் போட்டுப் பேசினார்கள். அவர்களுடைய யோக்கியதையை நாம் சந்தேகிக்கவில்லை. ஆனால் நல்லெண்ணம் அவர்களிடமும் பணமும் அதிகாரமும் வேறிடத்திலும் இருந்தன. சர்வகலாசாலை 1952-ல் தன் ஆதரவில் வேறொரு கமிஷனை ஏற்படுத்தி, ஜூலியன் லெவி என்ற வக்கீலை அதன் தலைமையில் வைத்தது. 1958-ல் நகரசபை மறு நிர்மாணத் திட்டத்தை அங்கீகரித்தது. இடிக்கும் இயந்திரங்கள் வந்தன. 55-வது தெருவில் வரிசையாயிருந்த கடைகளும், சங்கீதம் நடந்த சாராயக் கடைகளும், சில்லறை வாடகை வீடுகளும் மண்ணோடு மண்ணாயின. ஆயிரக் கணக்கான குடும்பங்கள் வெளியேறின. அவற்றில் பெரும்பாலானவை கருப்பு ஏழைகளுடையவை. அவர்கள் திரும்பி வந்து குடியிருக்கும்படியான குறைந்த வாடகை வீடுகள் திட்டத்தில் மிகச் சொற்பம்.

அக்காலத்தில் அந்தப் பேட்டையிலேயே ஒரு கேலி வழங்கிற்று. ஹைட் பார்க்கில் வெள்ளையரும் கருப்பரும் தோளோடு தோள் நிற்கிறார்கள், ஏழைகளுக்கு எதிராக, என்பதே அந்தக் கேலி. நூறு பிரசங்கத்துக்குச் சமானமான வார்த்தை. நிறக் கோட்டை அழித்தது போல அழித்து, அதே இடத்தில் பணக் கோட்டைப் போட்டு விட்டார்கள். வசதியுள்ள கருப்பர் இருக்கலாம். வசதியில்லாத எவரும் போகலாம். நம் நாட்டிலும் ஜாதி ஒழிந்து விட்டது என்று சொல்லுகிறவர்கள், பெரும்பாலும் உத்தியோகம் பார்க்கும் நாலு பேர் சேர்ந்து சாப்பிடுவதைத்தானே காட்டுகின்றார்கள்?

அத்திட்டத்தை நகரசபை முன் எதிர்த்தவர்களில் ஒருவர் ஈகன் என்ற கத்தோலிக்கப் பாதிரியார். இடம் பெயர்க்கப்படுகிறவர்கள் எங்கே போவார்கள் என்று அவர் கேட்டார். பாதிரிகளைப் பாராட்டுவது நமது வழக்கமல்ல. ஆனாலும் மனிதன் பக்கம் பேசினவர் அங்கியோடு பேசினாலும் அதைச் சொல்லாமல் விடுவது யோக்கியமாகாது.

வடக்கே ஜெயித்த சர்வகலாசாலை அடுத்தபடியாகத் தெற்கே கண் வைத்தது. புல்வெளிக்கு அப்பால் உட்லானில் 60-வது தெருவுக்கும் 61-வது தெருவுக்கும் இடையிலுள்ள சுமார் ஒரு மைல் நீளமுள்ள நிலத்தைத் தனக்கு வேண்டுமென்று 1960-ல் அறிவித்தது. உட்லான் அப்போது 81,000-க்கு மேற்பட்ட ஜனங்கள் நெருக்கியடித்து வாழ்ந்த கருப்பர் பேட்டை. ஹைட் பார்க்குக்கு நேர்ந்ததை அவர்கள் கண்ணால் பார்த்திருந்தார்கள். ஆகவே சும்மா இருக்கவில்லை. சால் அலின்ஸ்கி என்னும் ஸ்தாபன வேலைக்காரரின் யோசனையுடன், ஆர்தர் பிரேசியர் என்ற கருப்புப் போதகர் முன் நின்று, தெருச் சங்கம், மாதாகோவில் சங்கம், கடைக்காரர் சங்கம் எல்லாவற்றையும் ஒன்றாய்ச் சேர்த்து உட்லான் ஸ்தாபனத்தைக் கட்டினார்கள்.

அவர்கள் வேலை செய்த மாதிரியை நம் இயக்கத் தோழர்கள் விசேஷமாய்க் கவனிக்க வேண்டும். முதலில் ஜனங்களுக்கு அன்றாடம் உறுத்தும் விஷயத்தைத் தொட்டார்கள். அங்கே சில கடைக்காரர்கள் எடையிலும் விலையிலும் ஏமாற்றி வந்தார்கள். ஒரு மாதாகோவிலருகே தராசு வைத்து, வாங்கி வந்த சாமானை எல்லார் முன்னிலையிலும் மறுபடி நிறுத்துக் காட்டினார்கள். கடைக்காரர்கள் வழிக்கு வந்தார்கள். தன் வீட்டு அரைப் படி சர்க்கரைக்கு நியாயம் கிடைத்ததைக் கண்டவன், தன் வீட்டுக்கும் நியாயம் கிடைக்கும் என்று நம்பத் தொடங்கினான். பிறகு 1961-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ஒரு நாள், இரண்டாயிரம் பேருக்கு மேல் பஸ்களில் வரிசையாய் ஏறி நகர மண்டபத்துக்குப் போனார்கள். கோஷம் போடவா? இல்லை. மனுக் கொடுத்துக் கும்பிடவா? அதுவும் இல்லை. ஓட்டர் லிஸ்டில் தங்கள் பெயரைப் பதிவு செய்து கொள்ள! போதகர்கள் தலைமை வகித்தும், அன்று அவர்கள் வானத்தைப் பார்த்து முறையிடவில்லை என்பது நமக்கு மிகவும் சந்தோஷமளிக்கிறது. மேயர் டேலிக்கு அந்தப் பஸ் வரிசையின் அர்த்தம் விளங்கிற்று. 1963-ல் அவர் முன்னிலையில் ராஜி பேசப்பட்டது. இடிப்பதற்கு முன் குறைந்த வாடகை வீடு கட்ட ஏற்பாடு, திட்டக் கமிட்டியில் உட்லான்வாசிகளுக்கு இடம் ஆகியவை கிடைத்தன. 61-வது தெருவுக்குத் தெற்கே சர்வகலாசாலை இடம் பிடிப்பதில்லை என்ற வாக்குறுதியும் அதையொட்டிக் கிடைத்தது.

இத்துடன் கதை முடிந்து எல்லாரும் சுகமாயிருந்தார்கள் என்று எழுத நமக்கு ஆசைதான். உண்மை அப்படியில்லை. எல்லைக் கோட்டைக் காப்பாற்றிக் கொண்ட உட்லானுக்குள் தொழிற்சாலைக் கூலியும் பாங்கிக் கடனும் வரவில்லை. கருப்பர் பேட்டை என்றால் கடன் கொடுப்பதில்லை என்பது பாங்கிகளின் எழுதாத சாஸ்திரமாயிருந்தது. 1960-களின் கடைசியிலும் அதற்கடுத்த பத்து வருஷங்களிலும் கட்டடம் கட்டடமாகத் தீப் பிடித்து எரிந்தது. கைவிட்டுப் போன வீடுகள் இடிக்கப்பட்டன. 1990-ல் ஜனத்தொகை சுமார் 27,000. மூன்றில் இரண்டு பங்கு பேர் போய்விட்டார்கள். 63-வது தெருவுக்கு மேலே ஓடிய உயர் ரயில் பாதையின் கிழக்குக் கோடியை 1997-ல் பிரித்துப் போட்டார்கள். அதைப் பிரிக்க வேண்டுமென்று வற்புறுத்தியவர்களில் அதே பிரேசியரும் ஒருவர். பாதை போனால் வெளிச்சம் வரும், வீடு வரும் என்பது அவர் வாதம். ரயில் போனால் ஏழை எதில் ஏறி வேலைக்குப் போவான் என்பது எதிர்த்தவர்கள் வாதம். பின்னவர்கள் சொன்னதே நமக்குச் சரியாகப் படுகின்றது. ஸ்தாபனம் கட்டின தலைவர்கள் செய்வதெல்லாம் ஸ்தாபனத்து ஜனங்களுக்கு நன்மையாகவே இருக்கும் என்று எண்ணிக் கண்ணை மூடிக் கொள்வது பகுத்தறிவாகாது.

இப்போது நடக்கும் மறுமலர்ச்சிக்கு வருவோம். ஹைட் பார்க்கில் பழைய இடிப்பினால் கடை இழந்த சித்திரக்காரர்கள், கைத்தொழிலாளர்கள் முதலியவர்களுக்காக 1965-ல் ஹார்ப்பர் கோர்ட் என்ற சிறு கடை முற்றம் கட்டப்பட்டது. அங்கே சதுரங்கம் ஆட ஊர் கூடும். அந்த இடத்தை இந்த நூற்றாண்டில் சர்வகலாசாலை வாங்கி, 2013-ல் உயர்ந்த கட்டடத்தைத் திறந்தது; பக்கத்தில் ஓட்டலும் வந்தது. 1932-ல் ஆரம்பித்து அந்தப் பேட்டையின் அடையாளமாயிருந்த கூட்டுறவுப் பண்டகசாலை 2008-ல் கடன்பட்டு மூடப்பட்டது. 53-வது தெரு இப்போது விளக்குப் போட்டு ஜொலிக்கின்றது. வெளிச்சத்தை நாம் வெறுக்கவில்லை. முதல் இடிப்பில் அகதியானவர்களுக்கென்று கட்டின இடமே இரண்டாவது மறுமலர்ச்சிக்கு மனையானதைத்தான் குறித்துக் கொள்ளுகிறோம்.

சர்வகலாசாலை ஆஸ்பத்திரி 1988-ல், குண்டடி முதலிய பலத்த காயம் பட்ட பெரியவர்களுக்கான அவசர சிகிச்சைப் பிரிவை நஷ்டமென்று சொல்லி மூடியது. அந்தப் பக்கத்தில் சுடப்பட்டவர்களை மைல் கணக்கில் தூக்கிப் போக வேண்டியதாயிற்று. 2010-ல் உட்லானில் சுடப்பட்ட ஒரு வாலிபத் தொண்டர், ஆஸ்பத்திரி அருகிலிருந்தும் தூரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகப்பட்டு இறந்தார். அவருடைய தோழர்கள், பெரும்பாலும் இருபது வயதுப் பிள்ளைகள், மறியல் செய்தும் கைதாகியும் வருஷக் கணக்கில் விடாமல் நின்றார்கள். 2018-ம் வருஷம் மே மாதம் அந்தப் பிரிவு மறுபடி திறந்தது. ஹைட் பார்க்கின் மறுமலர்ச்சியில் ஒரு கட்டடத்தைக் காட்டு என்று யாராவது நம்மைக் கேட்டால், இதைத்தான் காட்டுவோம்.

கடைசியாக, உலகக் கண்காட்சி நடந்த அதே ஜாக்சன் பூங்காவில் ஒபாமா பெயரால் ஒரு பெரிய நிலையம் அமைக்கப் போவதாக 2016-ல் முடிவாயிற்று. தங்களில் ஒருவர், தங்கள் பேட்டைக்காரர், தங்கள் நிறத்தவர் பெயரால் வருவது என்று உட்லான் ஜனங்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ச்சியோடு கூடவே, எங்களை வெளியேற்றாமலிருக்க எழுத்து மூலமாக உறுதி எங்கே என்றும் கேட்டார்கள். நம்மவர் செய்வதற்கு எழுத்து எதற்கு என்று சிலர் வருத்தப்பட்டார்களாம். நம்மவர் என்பதற்காகக் கணக்குக் கேளாமலிருப்பது நம் ஊர் வழக்கமாயிருக்கலாம். உட்லான் 1958-ஐ மறக்கவில்லை. 2020-ம் வருஷம் செப்டம்பரில் சிகாகோ நகரசபை உட்லானுக்கென்று வீட்டுப் பாதுகாப்புச் சட்டம் செய்தது. அதன்படி நகரசபைக்குச் சொந்தமான காலி மனைகளில் 52 மனைகள் குறைந்த வருமானமுள்ளவர்களின் வீடுகளுக்கென்று ஒதுக்கப்பட்டன. அம்மனைகளில் எழும் வாடகை வீடுகளில் நூற்றுக்கு 30 பங்காவது மிக ஏழைகளுக்கு விட வேண்டும். காலி மனைகளின் மொத்தத்தைப் பார்க்கும்போது இது கொஞ்சமே. கேட்டவர்கள் கேட்டதும் இதைவிட அதிகம். சட்டம் நிறைவேறிய கையோடு, அடுத்த பேட்டையான சவுத் ஷோரில் சொந்த வீடில்லாத வாடகைக்காரர்கள் கூடி, எங்களுக்கும் இதே சட்டம் வேண்டும் என்று கிளம்பினார்கள்.